ஊறுகாய் வெள்ளரி: பறிக்கும் நாளைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளரிக் கொடியை வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. விதை ஊன்றி, தண்ணீர் காட்டி, பந்தலில் ஏற்றிவிட்டால் காய்த்துவிடும். ஊறுகாய்க்கென்று வளர்க்கிறவர்கள் கோட்டை விடுவது பறிப்பில்தான். பச்சையாகக் கடித்துத் தின்னும் வெள்ளரியை இரண்டு நாள் தாமதமாகப் பறித்தாலும் பாதகமில்லை. ஊறுகாய்ப் பிஞ்சில் ஒரு நாள் தாமதமும் ஜாடியில் தெரியும். நறுக்கென்று இருக்க வேண்டியது சொதசொதவென்று ஆகும், நடுவில் பொந்து விழும், விதை பல்லில் மாட்டும்.

விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கு முதல் பறிப்பு எப்போது தொடங்கும் என்பதை மட்டுமே சொல்லும். அதற்குப் பிறகு ஒவ்வொரு காய்க்கும் தனி நாள். அந்த நாளைக் காயைப் பார்த்தே சொல்லப் பழகுவதற்குத்தான் இந்த அத்தியாயம். மாடியில் நான்கு பை வைத்திருப்பவருக்கும் அரை ஏக்கரில் கெர்கின் என்னும் ஊறுகாய் வெள்ளரி போட்டிருப்பவருக்கும் முறை ஒன்றுதான். கூடையின் அளவுதான் வேறு.

## முதலில் ஜாடியை முடிவு செய்யுங்கள்

'வெள்ளரியை எந்த அளவில் பறிப்பது?' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. என்ன ஊறுகாய் போடப் போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் அளவு தெரியும். ஆகவே தோட்டத்துக்குள் நுழையும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

- வினிகரில் முழுப்பிஞ்சாக: நீளம் 3 முதல் 5 செ.மீ., விட்டம் 2 செ.மீ.க்குள். கடையில் கெர்கின் என்று சின்னப் பாட்டிலில் விற்பது இந்த அளவுதான்.
- உப்புநீரில் முழுக்காயாக ஊறவைக்க: நீளம் 7 முதல் 10 செ.மீ., விட்டம் 2.7 முதல் 3.5 செ.மீ. வரை. இதைவிடப் பெரிய காயில் உப்பு உள்ளே இறங்க நாளாகும். அதற்குள் வெளிப்புறம் குழைந்துவிடும்.
- நீளவாக்கில் பிளந்து ஊறவைக்க: நீளம் 8 முதல் 10 செ.மீ., விட்டம் 3.8 செ.மீ.க்குள்.
- துண்டு நறுக்கி, மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் சேர்த்துப் போட: 10 முதல் 12 செ.மீ. வரை போகலாம். விதை நகத்தால் நசுங்குகிற பதத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த அளவுகள் குட்டையாக, சொரசொரப்பாகக் காய்க்கும் ஊறுகாய் ரகங்களுக்கானவை. அவற்றில் நீளம் பருமனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். நம் ஊர் வெள்ளரிப்பிஞ்சு நீளமாக, ஒல்லியாக வளரும் வகை. அதற்கு நீளத்தை மறந்துவிட்டுப் பருமனை மட்டும் பாருங்கள்.

எந்த ரகமானாலும் பருமன்தான் நம்பகமான அளவு. அமெரிக்காவில் ஊறுகாய் வெள்ளரியை விட்டத்தை வைத்தே தரம் பிரிக்கிறார்கள்: 27 மி.மீ. வரை முதல் தரம், 38 வரை இரண்டாம் தரம், 51 வரை மூன்றாம் தரம்.

குறிப்பு: பத்து ரூபாய் அளவுகோல். இரண்டு நிறத்தில் இருக்கும் 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் சரியாக 27 மி.மீ. அதைக் கெட்டி அட்டையில் வைத்து வரைந்து வட்டத்தை வெட்டி எடுங்கள். பக்கத்திலேயே 20 மி.மீ., 38 மி.மீ. அளவில் இன்னும் இரண்டு ஓட்டைகள் போடுங்கள். காய் எந்த ஓட்டையில் நுழைகிறது என்று பார்த்தால் போதும். கண் மதிப்பீட்டில் வரும் தகராறு ஓயும். ஒரு வாரத்தில் விரல்களுக்கே அளவு பழகிவிடும். அதுவரை அட்டையைக் கூடையில் கட்டித் தொங்கவிடுங்கள்.

## பூவிலிருந்து எண்ணுங்கள்

நம் வெயிலில் கெர்கின் விதை ஊன்றி 30 முதல் 35 நாட்களில் முதல் பறிப்புக்கு வந்துவிடும். நல்ல பராமரிப்பில் 90 நாள் வரை கொடி நிற்கும். இந்த இடைவெளியில் ஒவ்வொரு நாளும் புதுப் பூ விரிகிறது. எனவே விதைத்த நாளை விட்டுவிட்டு, பூ விரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ: மெல்லிய காம்பில் வெறும் பூவாக நிற்கும். பெண் பூவுக்குப் பின்னால் முள்ளோடு கூடிய குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். 'பூ பூத்தும் காய் பிடிக்கவில்லையே' என்று முதல் வாரத்தில் கவலைப்பட வேண்டாம். பெண் பூ பின்னால் வரும். ஊறுகாய்க்கென்றே வரும் ஒட்டு ரகங்கள் சிலவற்றில் தொடக்கத்திலிருந்தே பெண் பூக்கள்தான் மிகுதி.

பெண் பூ விரிந்த நாளை முதல் நாளாக வைத்துக்கொண்டால், கோடையில் தோராயக் கணக்கு இது:

- 4, 5-ஆம் நாள்: முழுப்பிஞ்சு வினிகர் ஊறுகாய்க்கு
- 6, 7-ஆம் நாள்: உப்புநீரில் முழுக்காயாக ஊறவைக்க
- 8-ஆம் நாளுக்கு மேல்: துண்டு போடுவதற்கு, அதுவும் வெட்டிப் பார்த்த பிறகே

உங்கள் மண், தண்ணீர், ரகம் எல்லாம் இந்தக் கணக்கை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளும். உங்கள் தோட்டத்துக்குரிய கணக்கைப் பின்வரும் சோதனையில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

## நூல் கட்டிச் சோதித்தல்

தேவை: வண்ண நூல், அளவுகோல், ஒரு சின்ன நோட்டு.

1. காலையில் தோட்டத்தைச் சுற்றி, அன்றைக்கு விரிந்த பெண் பூக்களில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் ஒரே கொடியில் வேண்டாம். நிழலில் இரண்டு, வெயிலில் மூன்று என்று கலந்திருக்கட்டும்.
2. பூவுக்குப் பக்கத்து இலைக்காம்பில் நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். பூக்காம்பில் கட்டினால் பிஞ்சு உதிரும்.
3. மறுநாள் முதல் தினமும் ஒரே நேரத்தில் நீளத்தையும் பருமனையும் அளந்து எழுதுங்கள். முதல் இரண்டு நாள் வளர்ச்சி மந்தமாகத் தெரியும். அதன் பிறகு வேகமெடுக்கும்.
4. நீங்கள் முடிவு செய்த பருமன் வந்ததும் ஒன்றைப் பறித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.
5. பூ விரிந்ததிலிருந்து அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் தோட்டத்தின் கணக்கு.

வெட்டிய முகத்தை இப்படிப் படிக்க வேண்டும்:

- விதை இருக்குமிடம் மங்கலாகத்தான் தெரிகிறது, சதை இறுக்கமாக இருக்கிறது: முழுப்பிஞ்சு ஊறுகாய்க்கு இதுதான் பதம்.
- விதை தெரிகிறது, ஆனால் நகத்தால் அழுத்தினால் நசுங்குகிறது: உப்புநீர் ஊறலுக்கும் துண்டுக்கும் சரி.
- விதையின் தோல் வழுக்கிக்கொண்டு தெறிக்கிறது, சுற்றிலும் நீர்த்த கூழ், நடுவில் மூன்று பக்கமாகப் பிளவு: தாண்டிவிட்டது. இந்த அளவுக் காயை ஊறுகாய்க் கூடையில் சேர்க்கவே வேண்டாம்.

மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் பிஞ்சு மெதுவாகப் பருக்கும். பருவம் மாறும்போது சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

## காயில் பார்க்க வேண்டியவை

சோதனை முடிந்த பிறகு தினமும் வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. வெளி அடையாளங்களே போதும்.

நிறம். கரும்பச்சையோ ரகத்துக்குரிய இளம்பச்சையோ, முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். மண்ணில் படுத்திருந்த பக்கம் மட்டும் வெளிறியிருந்தால் கவலையில்லை. அது வெயில் படாததால் வந்தது. பூ முனையிலிருந்து மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தால் அந்தக் காய் முற்றுகிறது.

முள்ளும் தோலும். பிஞ்சில் முள் நெருக்கமாகவும் கூராகவும் இருக்கும். காய் பெருக்கப் பெருக்க முட்கள் விலகி, உதிர்ந்து, தோல் வழவழப்பாகும். ஊறுகாய் ரகத்தில் வழவழப்பு வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது.

கெட்டித்தன்மை. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் அமுங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒன்றை நடுவில் ஒடித்துப் பாருங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு சுத்தமாக ஒடிவது நல்ல பிஞ்சு. வளைந்து, நார் இழுத்துக்கொண்டு ஒடிந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வயது ஏறிவிட்டது.

வடிவம். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும். நடுவில் வயிறு தள்ளத் தொடங்கினால் உள்ளே விதை முற்றுகிறது என்று பொருள்.

பூ முனை. காய்ந்த பூ ஒட்டியிருந்தாலும் தொட்டால் உதிரும் நிலையில் இருப்பது இயல்பு. பூ அழுகிப்போய் முனையில் கொழகொழப்பு இருந்தால் அந்தக் காயைத் தனியே ஒதுக்குங்கள்.

இந்த ஐந்தில் நிறம்தான் கடைசியில் மாறும். 'இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவைத்த காய்களில்தான் விதை முற்றிக் கிடக்கும். பருமனை முதலில் பாருங்கள், நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

## பறிக்கும் முறை

தேவையான பொருட்கள்: கூர்மையான சின்னக் கத்தரி, முழுக்கைச் சட்டை, மெல்லிய கையுறை, அடியில் துணி விரித்த கூடை இரண்டு, ஈரச்சாக்கு அல்லது ஈரத்துணி, ஒரு குச்சி.

1. நேரம். காலையில் பறியுங்கள். அப்போது காய் குளிர்ந்து நீர் ததும்ப இருக்கும். பனி பெய்யும் மாதங்களில் இலை உலரும்வரை பொறுத்திருங்கள். ஈர இலையைத் தொட்டுக்கொண்டே நடந்தால் அடிச்சாம்பல் நோயையும் இலைப்புள்ளி நோயையும் கொடிக்குக் கொடி நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள். பனி இல்லாத கோடையில் விடிந்ததும் இறங்கிவிடலாம்.
2. கத்தரி. வேலை தொடங்கும் முன் கத்தரியைச் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். நோய் தெரியும் கொடிகளைக் கடைசியாகப் பறியுங்கள்.
3. தேடல். குச்சியால் இலைகளை மெதுவாக விலக்கி, கொடியின் அடியிலிருந்து நுனி நோக்கித் தேடுங்கள். காயும் பச்சை, இலையும் பச்சை. ஒரே பக்கமிருந்து பார்த்தால் பாதிக் காய் கண்ணில் படாது. வரிசையின் ஒரு பக்கம் போய், மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள்.
4. பிடித்தல். ஒரு கையால் காயை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். கொடியைத் தூக்கவோ புரட்டவோ வேண்டாம். வெள்ளரியின் வேர் மேலாக ஓடுவது. ஒருமுறை அசைந்தால் கொடி இரண்டு நாள் வாடும்.
5. வெட்டுதல். அரை செ.மீ. காம்பு காயோடு நிற்கும்படி வெட்டுங்கள். திருகிப் பிய்த்தால் காம்பு வாயில் தோல் கிழியும். அழுகல் அந்த வழியாகத்தான் நுழைகிறது.
6. வைத்தல். கூடைக்குள் எறியாமல் வையுங்கள். ஒன்றின் முள் இன்னொன்றில் குத்தும் காயம் அப்போதைக்குத் தெரியாது. ஊறிய பிறகு அங்கே கரும்புள்ளி விழும்.
7. பிரித்தல். நல்ல காய் ஒரு கூடையில், கோணல், பெருத்தது, பூச்சி குத்தியது எல்லாம் இன்னொரு கூடையில். தோட்டத்திலேயே பிரித்துவிட்டால் வீட்டில் வேலை பாதியாகும்.
8. நிழல். நிறைந்த கூடையை உடனே நிழலில் வைத்து ஈரச்சாக்கால் மூடுங்கள். வரப்பில் வெயிலில் கிடக்கும் பிஞ்சு சீக்கிரத்தில் தொய்ந்துவிடும்.

## எத்தனை நாளுக்கு ஒரு முறை?

முழுப்பிஞ்சு வேண்டுமென்றால் தினமும். உப்புநீர் ஊறலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். வெயில் உறைக்கிற மாதங்களிலும், நல்ல மழை பெய்த மறுநாளும், இரண்டாவது வகைக்கும் தினமும் ஒரு சுற்று போய்வர வேண்டும். ஊருக்குப் போவதாக இருந்தால் கிளம்புகிற காலையில் அளவுக்குக் கொஞ்சம் குறைவானதையும் சேர்த்துப் பறித்துவிடுங்கள். விட்டுவைத்தால், திரும்பி வரும்போது அவை கைப்பிடி பருமனில் தொங்கும்.

தினசரிச் சுற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காய்ப்பதில் கொடிக்கு இருக்கும் நோக்கம் விதையை முற்றவைப்பது. கண்ணில் படாமல் ஒரு காய் முற்றத் தொடங்கினால் சத்தெல்லாம் அதற்குப் போகும். புதுப் பெண் பூக்கள் குறையும், வந்த பிஞ்சும் வெம்பி உதிரும். எனவே ஊறுகாய்க்கு உதவாத காயையும் கொடியில் விட்டுவைக்காதீர்கள். கோணலோ பருத்ததோ, கண்டதும் வெட்டுங்கள்.

## வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஒரே நாளில் ஜாடி நிறையட்டும் என்று காத்திருப்பது. நான்கைந்து கொடி வைத்திருப்பவர்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். ஒரு நாளில் பத்துப் பிஞ்சு கிடைத்தால் பத்தை மட்டும் போடுங்கள். சின்னப் பாட்டில்கள் பலவற்றை வைத்துக்கொண்டு அன்றன்றைக்குப் பறித்ததை அன்றன்றைக்கே ஊறவைப்பது நல்லது. ஒரே நேரத்தில் நிறையக் காய் வேண்டுமென்றால், அடுத்த பட்டத்தில் கொடிகளைக் கூட்டுங்கள்.

பல அளவுக் காய்களை ஒரே ஜாடியில் போடுவது. சின்னது ஊறி முடிந்து குழையத் தொடங்கும்போது பெரியதன் நடுப்பகுதிக்கு உப்பே எட்டியிருக்காது.

பறிப்புக்கு முந்தின நாட்களில் தண்ணீரை விட்டு விட்டுக் காட்டுவது. காய்ந்து கிடந்த கொடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் காய் வெடிக்கும், உள்ளே பொந்தும் விழும். சொட்டு நீரோ, குடத்து நீரோ, ஒரே சீராகக் கொடுங்கள்.

காலையில் பறித்து மறுநாள் சாயங்காலம் ஊறவைப்பது. பறித்ததிலிருந்தே காய் நீர் இழக்கத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் உப்புநீரிலோ வினிகரிலோ இறங்கிவிட வேண்டும்.

கத்தரி இல்லாமல் கையால் இழுப்பது. காயோடு கணுவும் கிழிந்து வரும். அந்தக் கணுவில் வரவிருந்த அடுத்த பிஞ்சும் போச்சு.

## காய் காட்டும் குறையும் தீர்வும்

- ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கியிருக்கிறது, அல்லது கொக்கிபோல் வளைந்திருக்கிறது: மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்கவில்லை, அல்லது தண்ணீர் குறைந்திருக்கிறது. தேனீ வராத மாடித்தோட்டத்தில் காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். வளைந்த காயைத் துண்டு ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாம்.
- சின்ன ஓட்டை, அதைச் சுற்றிப் பிசின் கசிவு: பழ ஈ முட்டையிட்ட இடம். உள்ளே புழு இருக்கும். ஊறுகாய்க்கு ஆகாது. பறித்துக் கீழே போட்டுவிட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடியும் ஈயாக வரும். பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள், அல்லது ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.
- கசப்பு: வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேரும்போது வெள்ளரியில் குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் கூடுகிறது. காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அது அதிகம். புதுக் கொடியில் முதல் பறிப்பின்போது ஒரு காயின் காம்பு முனையை வெட்டி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். லேசான கசப்பு என்றால் அந்த முனையைச் சற்று அதிகமாக வெட்டி எறியலாம்.
- மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டான காய், சுருங்கிய இலை: தேமல் நோயாக இருக்கும். கொடியையே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதைத் தொட்ட கையோடு அடுத்த கொடிக்குப் போகாதீர்கள்.

## பாதுகாப்பு

1. மருந்து அடித்திருந்தால் நாள் எண்ணுங்கள். தினமும் பறிக்கிற பயிரில் இது மிக முக்கியம். பூச்சிமருந்து, பூஞ்சாணமருந்து ஒவ்வொன்றின் சீட்டிலும் அடித்த எத்தனை நாளுக்குப் பிறகு பறிக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் இருக்கும். அந்த நாட்களில் பெருக்கும் காய்களைப் பறித்து எறிவதைத் தவிர வழியில்லை. பிஞ்சைத் தோலோடு ஊறவைக்கிறோம். கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். காய்ப்பு தொடங்கிய பிறகு மருந்து தேவைப்படாதபடி, பழ ஈக்குப் பொறி வைப்பது, நோய்கண்ட இலைகளை உடனே களைவது போன்றவற்றை முன்கூட்டியே செய்யுங்கள்.
2. தெளிப்பு எதுவானாலும் மாலையில். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் இது பொருந்தும். காலையில் பூ விரிந்திருக்கும், தேனீ வேலை செய்துகொண்டிருக்கும்.
3. கையை விடும் முன் குச்சி. தரையில் படரும் கொடிக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கும். பாம்பும் தேளும் தங்கும். குச்சியால் தட்டி, வெளிச்சம் நன்றாக வந்த பிறகே கையை விடுங்கள். செருப்பில்லாமல் வரிசைக்குள் இறங்காதீர்கள்.
4. முள். சின்னதுதான், ஆனால் வியர்வையோடு சேர்ந்தால் முழங்கை வரை அரிக்கும். முழுக்கைச் சட்டை அதற்காகத்தான்.
5. கடுங்கசப்புக் காயைத் தின்னாதீர்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். உப்பும் காரமும் போட்டால் கசப்பு மறையலாம், ஆனால் அந்தப் பொருள் காயிலேயே இருக்கும். அப்படிப்பட்ட காயைக் குப்பையில் போடுங்கள்.

## பறித்ததும் செய்ய வேண்டியவை

1. அன்றைக்கே ஊறவைப்பதானால் குழாய் நீரில் மென்மையாகக் கழுவுங்கள். துடைப்பானால் தேய்க்க வேண்டாம். மண் ஒட்டிய காயைப் பாத்திரத்தில் ஊறவிட்டு இரண்டு தண்ணீரில் அலசுங்கள்.
2. பூ முனையிலிருந்து 2 மி.மீ. கனத்துக்கு ஒரு சீவல் சீவி எறியுங்கள். காயை மென்மையாக்கும் நொதிகள் பூவிலும் அந்த முனையிலும் இருக்கின்றன. ஊறுகாய் குழைவதற்கு இந்த ஒரு சீவலை விட்டுவிடுவதே பல வீடுகளில் காரணம். எது பூ முனை என்று குழம்பினால், காம்பு இல்லாத முனை அதுதான். இதற்காகவும்தான் காம்போடு பறிக்கச் சொன்னது.
3. வெயிலில் சற்றுத் தொய்ந்திருந்தால் ஐஸ் போட்ட தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் போட்டுவையுங்கள். விறைப்பு திரும்பும். அதற்கு மேலும் தொய்வு இருந்தால் துண்டு போடுங்கள்.
4. அன்றைக்கே ஊறவைக்க முடியவில்லையென்றால் கழுவாமல், துணியில் சுற்றி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஒரு நாளைக்கு மேல் வேண்டாம். வெள்ளரிக்கு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் ஆகாது. சில நாட்களில் தோலில் பள்ளம் விழுந்து நீர் கோத்துக்கொள்ளும்.
5. வாழைப்பழம், பழுத்த தக்காளி பக்கத்தில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயுவால் பச்சைக் காய் மஞ்சளாகும்.

## விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு

இந்தியாவில் கெர்கின் சாகுபடி 1990 வாக்கில் கர்நாடகத்தில் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. பெரும்பாலும் ஒப்பந்தப் பயிர்தான்: நிறுவனம் விதை கொடுக்கும், காயை வாங்கிக்கொள்ளும், பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும். அங்கே தரம் என்பது ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்ற எண்ணிக்கை. எண்ணிக்கை கூடக் கூடக் காய் சின்னது, விலை அதிகம்.

எந்த அளவில் பறிப்பது லாபம் என்று கணக்குப் போட்டே முடிவெடுங்கள். கிலோவுக்கு 160 காய் என்றால் ஒரு காய் சுமார் 6 கிராம். கிலோவுக்கு 33 என்றால் 30 கிராம். அதாவது பெரிய தரத்தில் ஒரே காய்க்கு ஐந்து மடங்கு எடை கிடைக்கிறது, பறிகூலியோ ஒன்றுதான். அதனால்:

1. விதைக்கும் முன்பே தரவாரியான விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.
2. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கிலோவுக்கு ஆகும் பறிகூலியைக் கழித்துப் பாருங்கள். பொடிக்காயின் விலை கவர்ச்சியாகத் தெரிந்தாலும், ஆள் கிடைக்காத ஊரில் நடுத்தர அளவே கட்டுப்படியாகும்.
3. தள்ளுபடிக் காய்க்கு என்ன கணக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
4. தினமும் கூடையிலிருந்து ஒரு கிலோ நிறுத்து, எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் பறிப்பு பின்தங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஒரு ஆளைக் கூட்டுங்கள்.
5. வண்டி வரும் நேரத்தை வைத்துப் பறிப்பைத் தொடங்குங்கள். காலை ஏழு மணிக்குப் பறித்த காய் மாலைவரை கிடந்தால் தரம் போய்விடும்.

## கண் தப்பிய காய்

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சில காய்கள் இலைக்கு அடியில் ஒளிந்து பெருத்துவிடும். மஞ்சள் ஏறாததாக இருந்தால் விதையை வழித்துவிட்டுப் பச்சடி, கூட்டு, மோர்க்குழம்புக்குப் பயன்படுத்தலாம். முற்றிப் பழுத்தது உரக்குழிக்கு. ஒட்டு ரகத்தில் விதை எடுத்து வைக்காதீர்கள், அடுத்த தலைமுறையில் அதே காய் வராது. நாட்டு ரகமாக இருந்தால், விதைக்கென்று ஒரே ஒரு கொடியைத் தனியாக ஒதுக்கி, அதில் மட்டும் காயை முற்ற விடுங்கள். மற்றக் கொடிகளில் அந்தச் சலுகை கிடையாது.

## பறிப்பை எப்போது நிறுத்துவது?

அடி இலைகள் மஞ்சளாகிக் காய்ந்து, வருகிற காயில் பாதிக்கு மேல் கோணலாக இருந்து, ஒரு சுற்றில் கிடைப்பது உங்கள் சின்னப் பாட்டிலில் பாதியைக்கூட நிரப்பவில்லை என்றால் கொடி முடிந்தது. மேற்கொண்டு உரம் போட்டு இழுத்துப் பிடிப்பதில் பயனில்லை. நோயும் பழ ஈயும்தான் பெருகும்.

1. மிச்சமுள்ள காய் அனைத்தையும் அளவு பார்க்காமல் பறித்துவிடுங்கள்.
2. கொடியை வேரோடு எடுத்து, நோய் இல்லையென்றால் உரக்குழியிலும் இருந்தால் தோட்டத்துக்கு வெளியேயும் அப்புறப்படுத்துங்கள்.
3. அதே இடத்தில் உடனே பூசணி, பீர்க்கு, பாகல், சுரை போன்றவற்றைப் போடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், நோயும் பூச்சியும் பொது. கீரை அல்லது அவரை வகை போடலாம்.
4. நோட்டில் மூன்றே வரி எழுதிவையுங்கள்: எந்த ரகம், எந்த மாதம், பூவிலிருந்து எத்தனையாவது நாள் பறித்த காய் ஜாடியில் நறுக்கென்று நின்றது. அடுத்த பட்டத்தில் பொட்டலத்து நாள் கணக்கைவிட இந்த மூன்று வரிதான் உதவும்.